மாமாவின் பாரைச் சுவாமி வாசித்த கதை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடைக்குச் சாமான் துண்டு எழுதியதைத் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை. இப்போது மறதியும் கூடிவிட்டது. கோயில் மலருக்குப் பழைய ஆட்கள் ஆளுக்கொரு கதை தரவேண்டும் என்று கேட்டார்கள். ஆட்கள் முன்னால் நின்று கதைக்க எனக்கு வெட்கம். எழுதினால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்றுதான் ஒத்துக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதை எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்த கிழமையில் எனக்கு ஒரு ஃபோன் வந்தது. வங்கியில் இருந்து கதைப்பதாக ஒருவன் சொன்னான். என் ஃபோனுக்கு ஓர் இலக்கம் வந்திருக்கும், அதை வாசிக்கட்டாம். அறியாத ஆளோடு கதைக்கக் கூச்சப்பட்டு, நான் வாயே திறக்காமல் ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றேன். அவன் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக் களைத்து வைத்துவிட்டான். தங்கச்சியின் மகள், என் பெறாமகள், இதைக் கேட்டுவிட்டுக் கை தட்டினாள்.

"பெரியம்மா, நல்ல வேலை செய்தனீங்கள். ஆர் கேட்டாலும் அந்த இலக்கத்தைச் சொல்லக்கூடாது. என்னட்டையும் சொல்லாதேங்கோ."

"உன்னட்டையுமோ?"

"ஓம், என்னட்டையும்தான்."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் அந்தச் சொல் நெஞ்சில் நின்றது. எங்கள் வீட்டிலும் ஒருகாலத்தில் இப்படி ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார்கள். யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்பதில் இரண்டு வீடு கலங்கிப் போனது. அதை எழுதுகிறேன்.

எனக்கு ஏழோ எட்டோ வயது. எங்கள் ஊர் தீவின் தென்கடல் பக்கம். வள்ளங்களுக்கு இஞ்சின் வராத காலம், பாய் விரித்துத்தான் தொழிலுக்குப் போவார்கள். அப்பாவும் மாமாவும் ஒரே வள்ளம். மாமா என்றால் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். எங்கள் வளவுக்கும் மாமி வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அதில் ஆள் நுழைகிற பொட்டு ஒன்று. மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகையால் அந்தப் பொட்டால் அதிகம் போய் வந்தது நான்தான்.

அந்த வாடைக் காலத்தில் மாமாவுக்கு ஒரு பார் அகப்பட்டது. கடலுக்கு அடியில் கல்லாய் எழும்பி நிற்கிற இடத்தைத்தான் பார் என்போம். விளைமீனும் கலவாயும் அங்கேதான் குடும்பம் நடத்தும். கடலில் தடி நட்டு அடையாளம் வைக்க முடியாது. ஆகவே கரையைப் பார்த்து இரண்டு நேர் பிடிப்பார்கள். கரையில் தெரிகிற இரண்டு பொருள்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்தால் அது ஒரு நேர். வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அப்படி வந்தால் மற்ற நேர். இரண்டு நேரும் ஒருங்கே பிடிபடுகிற இடத்தில் நங்கூரத்தைப் போட்டால் கீழே பார் இருக்கும். அதைத் தெரிந்து வைத்திருக்கிற ஆளுக்குத்தான் பார் சொந்தம். வெளியில் தெரிந்தால் அடுத்த நாள் அது ஊருக்குச் சொந்தம்.

ஊரையாவது பொறுக்கலாம். பயம் சம்மாட்டிக்குத்தான். சம்மாட்டிக்கு வள்ளங்களும் ஆட்களும் அதிகம். அவருடைய ஆட்கள் போய் இறங்கினால் அந்தப் பார் கொஞ்ச நாளில் வழித்துத் துடைத்த சட்டியாகிவிடும். எங்கள் இரண்டு வீட்டு அடுப்பும் அந்தப் பாரை நம்பித்தான் எரிந்தது.

ஆகவே மாமா காவல் காத்தார். கரையை விட்டுப் புறப்படும்போது முதலில் வேறு திசைக்கு வள்ளத்தை விடுவார். ஊர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் திருப்புவார். வரும்போது நங்கூரக் கயிற்றைக் கடலிலேயே உரசிக் கழுவுவார். கயிற்றில் ஒட்டியிருக்கிற கல்லுப்பூவைப் பார்த்தே எந்தத் தரையில் கிடந்தது என்று சொல்லிவிடுவார்களாம். கடகத்தில் நல்ல மீனை அடியில் போட்டு, மேலே மலிவான சூடையும் காரலும் பரப்பிக்கொண்டு வருவார். "இண்டைக்கும் ஒண்டுமில்லை மச்சான்" என்று முகத்தைத் தொங்கப்போடுவார். அந்த முகத்தை எனக்குச் செய்து காட்டச் சொல்லி நான் கெஞ்சுவேன். செய்து காட்டுவார். வயிறு நோகச் சிரிப்பேன்.

மாமிக்கு மட்டும் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. தொழிலுக்குப் போகிற ஆளை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கேட்டால் அன்றைக்குப் போன காரியம் கைகூடாது என்பார்கள். மாமி அதை மீறமாட்டார். ஆனால் மாமா வந்து கால் கழுவி, சோற்றில் கை வைத்த உடனே தொடங்குவார்.

"இஞ்சேருங்கோ, எந்தப் பக்கம் போனனீங்கள்?"

"கடல் பக்கம்."

"கடல் எண்டால் எந்தப் பக்கம்?"

"தண்ணி இருக்கிற பக்கம். குழம்பை ஊத்து."

இது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, சோறு தின்கிற நாளெல்லாம். கடைசியில் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு பின்னேரம் மாமியையும் அம்மாவையும் கூப்பிட்டு, அந்தோனியார் படத்துக்கு முன்னால் நிறுத்தினார். கதவைச் சாத்தினார். என்னை வெளியே போகச் சொல்ல மறந்துவிட்டார். அப்பா கதிரையில் இருந்து தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயில் சிலுவையும் இரட்டைத் தலைப் பனையும் ஒரு நேர். சவக்காலைப் பெருக்கமரமும் உப்புக் கொட்டிலும் மற்ற நேர். விளங்கிச்சோ? இந்த வீட்டை விட்டு வெளியில போச்சுதோ, நாங்கள் எல்லாரும் பட்டினி."

அம்மா "எனக்கென்னத்துக்கு இதெல்லாம், மீன் வந்தால் காணும்" என்று போய்விட்டார். மாமி அப்படியே நின்று, சிலுவை, பனை, கல்லறைத் தோட்டத்து மரம், கொட்டில் என்று அந்த நாலு பொருளையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். செபமாலை சொல்கிற மாதிரித்தான். அன்று முதல் மாமி கேட்கவில்லை. மாமா நிம்மதியாகச் சோறு தின்றார்.

இனிமேல்தான் கதை.

மீன் நன்றாகப் பட்டது. மாமிக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தோனியாருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று, கோயில் குருவானவர் தங்குகிற அறைவீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்போது எங்கள் கோயிலுக்குப் புதிதாக ஒரு சுவாமி வந்திருந்தார். மலைநாட்டுப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். கடல் என்றால் பெரிய குளம் என்று நினைத்திருந்தார் போல.

என்ன கருத்துக்குப் பூசை என்று சுவாமி கேட்டார். மாமி குரலைத் தாழ்த்தி நாலு பொருளையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டார். இடத்தைச் சொல்லாவிட்டால் அந்தோனியார் இந்தப் பெரிய கடலில் எந்த இடத்தைப் பார்த்துக் காவல் இருப்பார் என்பது மாமியின் நியாயம். சுவாமியிடம் சொன்னது கல்லறைக்குள் போட்ட மாதிரி, வெளியே வராது என்பது அவருடைய நம்பிக்கை. வரும்போது மட்டும் திரும்பி நின்று, "எங்கட பேரை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ சுவாமி" என்றார். சுவாமி கட்டாயம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அவர் வாக்குத் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பேரைச் சொல்லவே இல்லை. நல்ல தெளிவான குரல் அவருக்கு.

"கோயில் சிலுவையும் இரட்டைத் தலைப் பனையும் ஒன்றாகத் தெரிகிற நேரிலும், சவக்காலைப் பெருக்கமரமும் உப்புக் கொட்டிலும் ஒன்றாகத் தெரிகிற நேரிலும் இறைவன் தந்த நன்மைகளுக்காக, ஒரு குடும்பத்தினர் நன்றியோடு ஒப்புக்கொடுக்கும் பூசை."

கோயில் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள்கூட அழவில்லை. ஆண்கள் பக்கத்தில் சம்மாட்டி முழங்காலில் நின்று, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பத்தி என்று நான் நினைத்தேன். மாமியின் முக்காடு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, மூக்கு வரைக்கும் வந்தது.

வெளியே வந்ததும் அம்மா மாமியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"மச்சாள், என்ன வேலை செய்தனீங்கள்?"

"சுவாமியிட்டச் சொன்னது வெளியில போகாதெண்டல்லோ…"

"அது பாவத்தைச் சொல்லுற பாவசங்கீர்த்தனத்துக்கு! பூசைக் கருத்தை வாசிக்கத்தானே வேணும்!"

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒரு வள்ளமும் இறங்காது. அன்றைக்கு முழுவதும் ஊர் கையைப் பிசைந்துகொண்டு கரையிலேயே நின்றது. எல்லோரும் பாய்க் கிழிசல் தைத்தார்கள். எங்கள் வாசல் படலையால் போகிறவர்கள் எல்லாம் ஒரு சிரிப்பு. சம்மாட்டியே நின்று, "என்ன மச்சான், சுகமே?" என்று மாமாவைக் கேட்டார். முன்னால் ஒரு நாளும் கேட்டது கிடையாது.

மாமி குசினிக்குள் இருந்து அழுதார். மாமா அதட்டவில்லை. "சரி விடு. அந்தோனியார் பார்த்துக்கொள்ளுவார்" என்று சொல்லிவிட்டுச் சாக்குக் கட்டிலில் கிடந்து சீட்டியடித்தார். இவ்வளவு நல்ல மனிதனுக்கு இப்படித் துரோகம் செய்துவிட்டேனே என்று மாமிக்கு அழுகை கூடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், கூட்டுக்குள் இருந்த முட்டைக்கோழியைப் பிடித்தார். அது மாமி பேர் வைத்து வளர்த்த கோழி. அன்று மத்தியானம் மாமா அந்தக் கோழியைக் காலும் நெஞ்சுமாக இருந்து தின்றார். கடைசி எலும்பையும் உறிஞ்சினார். அப்பாவுக்கும் ஒரு கோப்பை வந்தது. அப்பா தின்னவில்லை, எனக்குத் தந்துவிட்டார்.

திங்கட்கிழமை விடியவே கரையில் இருந்த வள்ளம் எல்லாம் போய்விட்டது. மாமாவும் அப்பாவும் ஆறுதலாகக் கடைசியாகப் போனார்கள். மத்தியானம் திரும்புகிற நேரம் பெண்கள் கடகங்களோடு கரைக்குப் போனோம். முதலில் சம்மாட்டியின் வள்ளங்கள் வந்தன. ஒன்றில் ஒரு பேத்தை மீன், வயிறு ஊதியபடி. வேறு ஒன்றும் இல்லை.

"சிலுவையும் பனையும் வந்தது. பெருக்கமரமும் கொட்டிலும் வந்தது. கீழ வெறும் மண்" என்று சம்மாட்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அப்போதுதான் எங்கள் வள்ளம் வந்தது. இந்த முறை மாமா ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. விளைமீன் வெயிலில் சிவந்துபோய்க் கிடந்தது. சம்மாட்டி மீனைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு கடகத்தோடு நின்ற மாமியைப் பார்த்தார். வாய் விட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"டேய், பொஞ்சாதிக்கே பொய் இடத்தைச் சொல்லி வைச்சிருக்கிறாய்! நீயல்லோ ஆம்பிளை!"

கரை முழுதும் சிரித்தது. மாமாவுக்கும் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது.

"பின்ன? பொம்பிளையளிட்ட உண்மையைச் சொல்லிப்போட்டு ஒரு பாரை வைச்சிருக்கேலுமே?"

அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் அக்காவின் முகத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். மாமி கடகத்தை மணலில் வைத்தார். திரும்பி நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார் தப்பிவிட்டது. மாமி செய்த பிழையால் ஒரு நட்டமும் வரவில்லை. சந்தோசப்பட வேண்டிய ஆள் எதற்குக் கோபிக்கிறார்?

அதன் பிறகு மாமி மாமாவோடு கதைக்கவில்லை. கதைக்க வேண்டியது எல்லாம் என் வழியாகப் போனது.

"பிள்ளை, சோறு ஆறுது எண்டு அந்தாளிட்டச் சொல்லு."

மாமா பக்கத்தில்தான் இருப்பார். நான் சொல்வேன். அவர், "வாறன் எண்டு உன்ர மாமியிட்டச் சொல்லு" என்பார். எனக்கு இது நல்ல விளையாட்டாக இருந்தது. மாமாவுக்கு இல்லை. ஒரு பின்னேரம் அவருக்கே தாங்கமுடியாமல் போய்விட்டது.

"இப்ப என்னத்துக்கு இந்த முகம்? நான் பொய் சொன்னபடியால்தானே பார் தப்பிச்சுது? உண்மையைச் சொல்லியிருந்தால் இண்டைக்கு என்ன நிலைமை?"

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்தார்.

"சொல்லேலாது எண்டு சொல்லியிருக்கலாம். நான் வாயை மூடியிருப்பன். படத்துக்கு முன்னால நிப்பாட்டி வைச்சல்லோ பொய் சொன்னனீங்கள்."

"நீ விடாமக் கேட்டாய்…"

"ஏன் கேட்டனான் எண்டு யோசிச்சனீங்களோ? சம்மாட்டிக்கு விக்கவோ? எங்கட ஐயாவும் உங்களை மாதிரித்தான், ஒருத்தருக்கும் சொல்லாமக் காவல் காத்தவர். அண்டைக்குக் காத்து மாறி அவர் வராமல் விட்ட நேரம், தேடப் போற ஆக்கள் படலையில வந்து நிண்டு எந்தப் பக்கம் போனவர் எண்டு கேட்டவை. எங்கட அம்மா கையை நீட்டிக் கடலைக் காட்டினா. முழுக் கடலையும் காட்டினா. நான் பக்கத்தில நிண்டனான்."

மாமா கீழே கிடந்த சுளகைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்டெண்டால், நான் எல்லாற்றை காலிலையும் விழுந்து வள்ளத்தை இரட்டைப் பனை நேருக்கு அனுப்பியிருப்பன். நீங்கள் வேறெங்கையோ கிடப்பியள். நான் அந்த வெறும் மண்ணில தேடச் சொல்லிக் கத்திக்கொண்டு நிண்டிருப்பன்."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ர முட்டைக்கோழியையும் திண்டனீங்கள்" என்றார்.

வேலிப் பொட்டில் அப்பா நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மாமி சொன்ன ஐயா அவருக்கும் பெற்ற தகப்பன்தான். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. எனக்கு அந்தக் கோழியின் நினைவுதான் வந்தது. நானும் ஒரு கோப்பை தின்றிருந்தேன்.

சில நாள் கழித்து வங்காலை ஊரில் சொந்தக்காரப் பிள்ளைக்கு முதல்நன்மைக் கொண்டாட்டம் வந்தது. கடலால் போவோம் என்று மாமா சொன்னார். மாமி எங்கே போவதென்றாலும் தரையால்தான் போவார். வள்ளத்தில் ஏறி நான் கண்டதில்லை. அன்று நல்ல சீலை உடுத்து வந்து ஏறினார். என்னையும் சட்டை மாற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெண்ணும் பிள்ளையுமாகப் போகிற வள்ளத்தைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்பது மாமாவின் கணக்கு. சம்மாட்டிகூடக் கரையில் நின்று கை காட்டினார்.

நல்ல தூரம் போன பிறகு மாமா பாயை இறக்கினார். வள்ளம் அப்படியும் இப்படியும் ஆடியது. அப்பா சுக்கானைப் பிடித்தபடி கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

"இஞ்சதான்" என்றார் மாமா.

அவ்வளவுதான், மாமியின் கை வந்து என் இரண்டு கண்ணையும் பொத்தியது.

"மாமி விடுங்கோ! நான் ஆரிட்டையும் சொல்லமாட்டன்!"

"தெரியும் பிள்ளை. தெரியாட்டி உன்னை ஆரும் கேட்டுக் கரைச்சல் படுத்தமாட்டினம். கொஞ்சம் பொறு."

இருட்டுக்குள் இருந்தபடி கேட்டேன். நடுக்கடலில், ஒரு காகம்கூட இல்லாத இடத்தில், மாமா குசுகுசுத்துக்கொண்டிருந்தார்.

"அங்க பார். வந்திட்டுதோ?"

"ஓம்."

"இப்ப இஞ்சால திரும்பு. தெரியுதோ?"

"பொறுங்கோ… ஓம். ஓம், தெரியுது."

"எங்க, என்ர காதுக்குள்ள சொல்லு பாப்பம்."

மாமி சொன்னார். எனக்குக் காற்றுத்தான் கேட்டது. என் கண்ணின் மேல் இருந்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வெங்காயமும் சவர்க்காரமும் மணந்த கை. இவ்வளவு பெரிய மனிசி கடலுக்குப் பயந்து நடுங்குகிறாரே, எனக்கே பயமில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. வங்காலைக்குப் போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிச் சிரித்தேன். மாமி மறுக்கவில்லை. "ஓம், பயந்துதான் போனன்" என்று பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

அந்தக் கை ஏன் நடுங்கியது என்று எனக்கு விளங்க, நானும் ஒருவரைக் கட்டி, அவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கிற காலம் வர வேண்டியிருந்தது.

அந்தப் பார் எங்கே என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பொய் இடம் மட்டும்தான் மனப்பாடம். அதிலும் இரட்டைத் தலைப் பனை கோயிலுக்கு எந்தப் பக்கம் நின்றது என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை, அந்த உப்புக் கொட்டிலும் அப்போது இருந்ததா, பிறகு கட்டியதா தெரியவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இருந்தால், அச்சில் போக முன்னம் ஒருக்கால் பார்த்துத் திருத்தித் தாருங்கள். கோழியைப் பற்றியும் கையைப் பற்றியும் எழுதியதை மட்டும் தொடவேண்டாம். அது இரண்டும் சரி.